தானாக வந்த மீன்கள்: ராபாலா ஒரிஜினல் ஃப்ளோட்டர், ஒரு மதிப்புரை

கழிமுகக் கரையில் நின்று லூர் என்னும் செயற்கை இரைமீனை வீசும் எவரிடமும், தம் திறமையால் பிடித்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியாத சில மீன்களின் கதை இருக்கும். நரம்பு சுற்றும் ரீலில் விழுந்த சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தபோது கடித்த கொடுவா, ராடை, அதாவது தூண்டில் கழியை, பாறையில் சாய்த்துவிட்டுத் தண்ணீர் குடித்த நேரத்தில் இழுத்த பாரை, அன்றைக்குப் போதும் என்று லூரைக் காலடி வரை கொண்டுவந்த பிறகு கரையோரத்திலிருந்து பாய்ந்து கவ்விய செப்பிலி என அந்தக் கதைகள் ஒன்றுக்கொன்று ஒத்தவை. எனக்கு வாய்த்த இத்தகைய மீன்களில் பெரும்பாலானவை ராபாலா நிறுவனத்தின் ஒரிஜினல் ஃப்ளோட்டர் என்ற மர லூரில் வந்தவை. தற்செயல் என்று நாம் நினைக்கும் அந்தத் தருணங்களுக்கும் இந்த லூரின் அமைப்புக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்று நான் நம்புவதால், இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் அதிகம் பயன்படுத்துவது 11 செ.மீ. அளவு. எடை 6 கிராம் மட்டுமே. உடல் பால்சா மரத்தால் ஆனது. மூக்கின் கீழே நீரைத் தள்ளும் ஒளிபுகும் சிறு தகடு, வயிற்றிலும் வாலிலும் மும்முனைத் தூண்டில் முட்கள், மூக்கு நுனியில் தூண்டில் நரம்பு கட்டுவதற்கான கம்பி வளையம், இவ்வளவுதான் அதன் உறுப்புகள். உள்ளே உருண்டு சத்தமிடும் குண்டுகள் இல்லை, தூரம் போவதற்கான உலோக எடையும் இல்லை. சும்மா விட்டால் மிதக்கும், மெல்லச் சுருட்டினால் நீர்மட்டத்தை ஒட்டி நெளியும், தொடர்ந்து சுருட்டினால் ஏறத்தாழ ஒரு மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் ஆழம் வரை இறங்கும், நிறுத்தினால் வாலை லேசாக ஆட்டியபடி மேலே எழும். இந்தக் கடைசிப் பண்புதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது.

இதன் பிறப்பே ஒரு கவனிப்பிலிருந்து வந்தது. ஃபின்லாந்தின் பையன்னே ஏரியில் மீன் பிடித்துப் பிழைத்த லௌரி ராபாலா என்பவர், படகைத் துடுப்பால் வலித்துக்கொண்டே நீருக்குள் பார்த்தபோது, பசியோடு வரும் பெரிய மீன்கள் சிறு மீன் கூட்டத்தின் நடுவே பாய்ந்தாலும், நேராக நீந்த முடியாமல் சற்றே தள்ளாடும் ஒன்றைத்தான் குறிவைத்துக் கவ்வுகின்றன என்பதைக் கண்டார். அந்தத் தள்ளாட்டத்தைத் தக்கையில் கொண்டுவர முயன்று செதுக்கி, 1936இல் தமக்கு நிறைவளித்த முதல் லூரை முடித்தார். பளபளப்புக்காகச் சாக்லேட் சுற்றிய ஈயத்தாளை ஒட்டினார். மேற்பூச்சுக்கு வார்னிஷ் வாங்க வசதியில்லாததால், புகைப்படச் சுருள்களை உருக்கிப் பூசினார். இன்று கடையில் வாங்கும் லூர் நவீன வண்ணங்களோடு வந்தாலும், அசைவு அன்று அவர் கண்ட அதே அடிபட்ட மீனின் அசைவுதான். ஒவ்வொரு லூரையும் தொட்டி நீரில் இழுத்துப் பார்த்து, நேராக ஓடும்படி கையால் சரிசெய்த பிறகே அனுப்புவதாக நிறுவனம் சொல்கிறது. பெட்டியிலிருந்து எடுத்த உடனேயே ஒழுங்காக ஓடுவதைப் பார்க்கும்போது அதை ஐயப்பட எனக்குக் காரணமில்லை.

இனி, அந்தத் தற்செயல் கடிகளுக்கு வருகிறேன். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காடு, கோவளம் பக்கத்துக் கழிமுகத்தில், வடகிழக்குப் பருவமழைக்குப் பின் முகத்துவாரம் திறந்து கடல்நீர் ஏறி இறங்கும் மாதங்களில், கொடுவாவை நாடி வருபவர்களில் இளைஞர்கள் பலர் உண்டு. இவர்களுள் புதிதாகப் பழகும் ஒரு தம்பி, பின்னல் இழையாலான பிரெய்டு நரம்பு ரீலில் குருவிக்கூடாகச் சுருண்டுவிட, தலையைக் குனிந்து அதை இழையிழையாகப் பிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய ஃப்ளோட்டர் எதிரே பாறையோர நிழலில் மிதந்தபடி இருந்தது. சிக்கலை ஒவ்வொரு முறை இழுத்தபோதும் அங்கே லூர் ஒரு விரற்கடை நகர்ந்து நின்றது. அந்த இடத்தில் வெகுநேரமாக வேகமாகவும் முறையாகவும் வீசிக்கொண்டிருந்த எங்களுக்கு ஒன்றும் கடிக்காதபோது, அவருடைய லூர் கிடந்த இடத்தில் நீர் ‘டொப்’ என்று வாய்பிளந்தது. நரம்பைக் கையிலேயே பிடித்திழுத்து, ஈரமணலில் கொண்டுவந்து கிடத்தினார். அருகில் நின்றவர்கள் எல்லோரும் அதிர்ஷ்டம் என்றோம். அவரும் அப்படித்தான் சொன்னார்.

ஆனால் அங்கே நடந்ததைப் பகுத்துப் பார்த்தால், கொடுவாவின் இயல்புக்கு மிகவும் ஏற்ற ஒன்றை அவர் தம்மை அறியாமலேயே செய்திருக்கிறார் என்று விளங்கும். கொடுவா பதுங்கியிருந்து வேட்டையாடும் மீன். பாலத்தூண், பாறை, அலையாத்தி வேர் ஆகியவற்றின் பின்னே நீரோட்டம் தணிந்த இடத்தில் நின்றுகொண்டு, தன்னைக் கடந்து போவதைப் பார்த்திருக்கும். இரையைத் துரத்தி ஓடுவதைவிட, வாயைச் சட்டென்று திறந்து, இரையை நீரோடு சேர்த்து உள்ளிழுப்பதே அதன் வழக்கம், அந்த ‘டொப்’ ஓசையும் அதனால் எழுவதுதான். ஒரே இடத்தில் கிடந்து, சிறிது துடித்து, மறுபடி அசைவற்றுப் போகும் மீன் அதன் கண்ணுக்கு எளிய இரை. மூழ்கும் லூராக இருந்திருந்தால், சிக்கலைப் பிரிக்கும் நேரத்தில் அது அடியில் போய்ப் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டிருக்கும். மிதக்கும் லூர் என்பதால்தான், மனிதர் கவனிக்காத நேரத்திலும் அது மீனின் கண்முன்னே வேலை செய்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து நான் வேண்டுமென்றே நிறுத்தப் பழகினேன். வீசிய பின் நீரில் எழும் வளையங்கள் அடங்கும் வரை தொடாமல் விடுவதும், இரண்டு மூன்று சுற்றுச் சுருட்டி மறுபடி மிதக்க விடுவதும் பொறுமையைக் கோரும் வேலைகள்தான். ஆயினும் எனக்குக் கிடைத்த கடிகளில் பெரும்பகுதி லூர் எழும்போதோ நிற்கும்போதோ வந்தவை.

இதைவிட வியப்பான சம்பவங்களும் உண்டு. கொக்கி மாட்டியதும் கொடுவா நீருக்கு மேலே எழும்பித் தலையை உதறும், அதன் செவுள் மூடியின் ஓரம் கூர்மையானது, மெல்லிய நரம்பு அதில் உரசினால் அறுந்துவிடும். அப்படி மீனோடு அறுந்துபோன ஒரு ஃப்ளோட்டரை, நீர் ஏறத் தொடங்கிய பின் அதே கரையில் நுரைக்கும் குப்பைக்கும் இடையே மிதந்து வந்ததைக் கண்டு எடுத்திருக்கிறேன். மீன் உதறி விடுவித்துக்கொண்டது, மரம் மேலே வந்தது, நீரேற்றம் அதைக் கொண்டுவந்து சேர்த்தது, இவ்வளவுதான் நடந்திருக்க வேண்டும். மீனின் வாயில் கொக்கி தங்காமல் போனது எனக்கு லூர் திரும்பியதைவிட ஆறுதலான செய்தி. மூழ்கும் பிளாஸ்டிக் லூர் என்றால் அது அடிச்சேற்றில் கிடந்திருக்கும்.

கூட்டமாகத் திரியும் சிறு பாரைகள் வெறியோடு இரைதேடும் நேரங்களில், வயிற்று முள்ளில் ஒன்றும் வால் முள்ளில் ஒன்றுமாக ஒரே வீச்சில் இரண்டு மாட்டுவது உண்டு. முதல் பாரை மாட்டித் துடிப்பதையே மற்றது இரையின் அசைவாக எடுத்துக்கொள்கிறது போலும். முரல் மீனின் நீண்ட எலும்பு அலகில் முள் ஏறுவதே அரிது, ஆனாலும் அது லூரைச் சுற்றித் தன்னைத்தானே நரம்பால் பின்னிக்கொண்டு கரைக்கு வந்துவிடும். மடவை அடிச்சேற்றிலும் பாசியிலும் மேயும் மீன். லூரைக் கடிப்பது அதன் வழக்கமன்று. எனவே ஃப்ளோட்டரில் மடவை வந்தால், பெரும்பாலும் அதன் உடலிலோ துடுப்பிலோ முள் குத்தியிருக்கும். அதை அதிர்ஷ்டமாகக் கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை, முள்ளை மெதுவாகக் கழற்றி நீரில் விடுவதே முறை.

இந்த லூரின் வாழ்விலும் இதே போன்ற ஒரு தற்செயல் நிகழ்ந்திருக்கிறது. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் தூண்டில் சாதன வணிகத்தில் இருந்த ரான் வெபர், ரே ஆஸ்ட்ரம் என்ற இருவர், இந்தக் ஃபின்லாந்து லூரின் ஆற்றலைக் கண்டு அதை வரவழைத்து விற்கத் தொடங்கினர். அமெரிக்காவின் லைஃப் இதழ் இந்த லூரைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. அது இடம்பெற்றது 1962 ஆகஸ்ட் 17 தேதியிட்ட இதழில். அந்த மாதத் தொடக்கத்தில்தான் நடிகை மர்லின் மன்றோ இறந்திருந்தார். அவருடைய படத்தை அட்டையில் தாங்கி வந்த அந்த இதழை மக்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள். நடிகைக்காக இதழை வாங்கியவர்கள், உள்ளே இருந்த மர மீனையும் படித்தார்கள். குவிந்த வேண்டுகோள்களை நிறைவேற்றக் கையால் செதுக்கும் அந்தச் சிறு தொழிற்கூடத்தால் இயலவில்லை என்பது இந்த நிறுவனத்தின் வரலாற்றில் இடம்பெற்றுவிட்ட செய்தி. ஒரு துயரச் செய்தியின் பக்கத்தில் அமர்ந்ததால் இந்த லூர் உலகெங்கும் போனது என்பதை நினைக்கும்போது எனக்கு ஒருவகைக் கலக்கமே ஏற்படும். ஆயினும் அன்று வாங்கியவர்கள் மறுபடி மறுபடி வாங்கியதற்கு அட்டைப்படம் காரணமாக இருந்திருக்க முடியாது. அது தண்ணீரில் ஓடிய விதத்தால்தான் நிலைத்தது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். 6 கிராம் எடையை வைத்துக்கொண்டு தூரம் வீச முடியாது. கடற்காற்று முகத்தில் அடிக்கத் தொடங்கும் நண்பகலுக்குப் பிறகு இதை வீசுவது வீண் முயற்சி, காற்றில் புரண்டு பாதி தூரத்திலேயே விழும். விடியற்காலையில் நிலக்காற்று முதுகுப்புறமிருந்து வீசும் நேரமே இதற்கு உகந்தது. சுறா பிடிக்கும் பெரிய கழி போன்ற முரட்டு ராடுகளும் இதற்கு ஆகா. நுனி வளையும் மென்மையான ராடும் மெல்லிய பிரெய்டும் வேண்டும். அதே சமயம் கொடுவாவின் செவுளைத் தாங்க, லூருக்கு முன்னே கட்டும் லீடர் என்ற தடித்த நரம்புத் துண்டு தேவைப்படுகிறது, தடித்த லீடரோ லூரின் அசைவைக் கட்டிப்போடுகிறது. இந்த முரண்பாட்டுக்கு நான் கண்ட தீர்வு, முடிச்சை வளையத்தோடு இறுக்காமல், லூர் தாராளமாக ஆடும்படி சிறு கண்ணி விட்டுக் கட்டுவது. கனமான சுழல்வளையத்தை மூக்கில் மாட்டுவதைத் தவிர்க்க வேண்டும்.

பால்சா மென்மையான மரம். கருங்கல் தடுப்பிலோ பாலத்தூணிலோ மோதினால் பூச்சு விரியும், விரிசல் வழியே நீர் ஊறினால் மிதக்கும் தன்மை குறையும். சீலாவின் பற்கள் பட்ட உடல் கீறலாகிவிடும். மோதலைத் தாங்கும் பிளாஸ்டிக் லூர்களோடு இந்த விஷயத்தில் இதனால் போட்டியிட முடியாது. அந்த மென்மையும் இலேசும்தான் இதற்கு உயிருள்ள அசைவைத் தருகின்றன என்பதால், இரண்டையும் ஒன்றாகவே ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. முட்கள் உவர்நீருக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து உலர்த்தாவிட்டால் துரு ஏறும். கழிமுகத்தில் மட்டும் பயன்படுத்துபவர்கள், அதே அளவிலும் எடையிலும் உவர்நீர்க்கேற்ற முட்களை மாற்றிக்கொள்வது நல்லது, கூடுதல் எடை கொண்ட முள்ளை மாட்டினால் லூர் மிதக்கும் நிலையே மாறிவிடும்.

சில மீன்களுக்குப் பிறகு லூர் ஒரு பக்கமாக விலகி ஓடத் தொடங்கினால் அது கெட்டுவிட்டதாகக் கருதித் தூக்கி எறிய வேண்டாம். இழுக்கும்போது எந்தப் பக்கம் விலகுகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கமாக மூக்குக் கம்பியைக் குறடால் மயிரிழை அளவு வளைத்துப் பார்த்தால் சரியாகிவிடும்.

குளத்து விராலுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அல்லியும் தாமரையும் படர்ந்த நீரில் திறந்த முட்கள் ஒவ்வொரு வீச்சிலும் கொடியை அள்ளிக்கொண்டு வரும், தவளை வடிவ லூரே அங்கு ஏற்றது. மேலும், செந்நிறக் குஞ்சுக் கூட்டம் நீர்மட்டத்தில் குமிழியிடும் இடத்தில் எந்த லூரை வீசினாலும் காவல் நிற்கும் தாயோ தந்தையோ சீறி வந்து அடிக்கும். அது பசியால் வரும் கடி அன்று. அந்த விராலை எடுத்துவிட்டால் குஞ்சுகள் அத்தனையும் மற்ற மீன்களுக்கு இரையாகும். அங்கே வீசாமல் நகர்ந்துவிடுங்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

விலை சில நூறு ரூபாய். வழக்கமான பிளாஸ்டிக் லூர்களைவிட அதிகம் என்பதால் போலிகளும் சந்தையில் உலவுகின்றன. சென்னையில் ஒரு கடையில் வாங்கிய ஒன்று, பெட்டியும் வண்ணமும் அச்சு அசலாக இருந்தும், நீரில் இட்டதும் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. கையில் எடுத்தவுடன் கனமாகத் தோன்றினாலோ, ஆட்டும்போது உள்ளே ஏதாவது குலுங்கினாலோ அது ஒரிஜினல் ஃப்ளோட்டர் அன்று. நம்பகமான கடையில் பழகி வாங்குவதும், முடிந்தால் ஒரு வாளி நீரில் மிதக்க விட்டுப் பார்ப்பதும் பாதுகாப்பு.

முதன்முதலாக வாங்குபவர்களுக்கு 11 செ.மீ. அளவில் வெள்ளிநிற உடலும் கறுத்த முதுகும் கொண்டதைச் சொல்வேன். கழிமுகத்துச் சிறு மீன்களின் நிறத்துக்கு அது மிக அருகில் இருக்கிறது. சிறிய ஓடைகளுக்கும் சிறு பாரைக்கும் 7 செ.மீ. போதும், ஆனால் அதை வீச இன்னும் இலேசான ராடு வேண்டும். நீர் ஏறி நின்று திரும்பத் தொடங்கும் நேரத்தைக் கணித்து, பாலத்தூணுக்கு மேலோட்டப் பக்கமாக வீசி, ஓட்டமே அதைத் தூணருகே மிதக்கவைத்துக் கொண்டுபோகும்படி நரம்பைத் தளர்த்திவிடுங்கள். கொடுவா ஆணாகவே வளர்ந்து பின்னர் பெண்ணாக மாறும் மீன். ஆகவே பெரிதாக வரும் ஒவ்வொன்றும் முட்டையிடும் பெண்ணாக இருக்க வாய்ப்பு மிகுதி. அப்படி ஒன்று வந்தால் நீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றி விட ஏதுவாக, நீண்ட மூக்குக் குறடு ஒன்றையும் இந்த லூரோடு சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள்.