மூக்கில் கட்டி எடுத்த பிறகு: கிராஃப்டா, ஃபிளாப்பா?

என் மூக்குத் தண்டின் ஓரத்தில் இருந்த பேசல் செல் கட்டியை (ஒருவகைத் தோல் புற்றுநோய்) எடுத்தார்கள். ஓரங்களில் மிச்சமில்லை என்று பரிசோதனை முடிவு வந்ததும், குழியை எப்படி மூடுவது என்ற கேள்வி வந்தது.

கிராஃப்ட் என்றால் வேறு இடத்துத் தோலைத் தனியாக வெட்டி எடுத்து ஒட்டுவது. ஃபிளாப் என்றால் பக்கத்துத் தோலை அதன் ரத்த ஓட்டத்தோடு திருப்பி வைப்பது. நிறமும் தடிமனும் நன்றாகப் பொருந்தும். ஆனால் முகத்தில் கூடுதலாகத் தையல் கோடுகள் விழும். பெரிய குழிக்கு நெற்றித் தோல் என்றால் அது சுமார் 3 வாரம் பாலம்போல மூக்கோடு நிற்கும். அப்புறம் இன்னொரு அறுவை சிகிச்சை.

நான் கிராஃப்டை எடுத்துக்கொண்டேன். காதுக்கு முன்னால் இருந்து முழுத் தடிமனோடு ஒரு துண்டு. மேலாக சீவி எடுக்கும் மெல்லிய தோல் பின்னால் அதிகம் சுருங்கும் என்பதால் மூக்குக்கு இதுதான் வழக்கம். காதோரத் தழும்பு மடிப்போடு மறைந்துவிட்டது.

கிராஃப்டில் எல்லாமே முதல் வாரம்தான். வெட்டி எடுத்த தோலுக்குச் சொந்த ரத்தம் கிடையாது. முதல் இரண்டு நாள் அடியில் கசியும் நீரைக் குடித்தே உயிரோடு இருக்கும். அதற்குள் கீழிருந்து ரத்தக்குழாய்கள் வந்து இணைய ஆரம்பிக்க வேண்டும். துண்டு நகர்ந்தாலோ அடியில் ரத்தம் தேங்கினாலோ அந்த இணைப்பு அறும். அதற்காகவே பஞ்சுப் பொதியை மேலே வைத்து நூலால் இறுக்கிக் கட்டுகிறார்கள். குனியாதீர்கள், மூக்கைச் சிந்தாதீர்கள், புகை வேண்டவே வேண்டாம் என்றார்கள். புகை ரத்தக்குழாயைச் சுருக்கும். 7ஆம் நாள் கட்டைப் பிரித்தபோது துண்டு ஊதா நிறத்தில் இருந்ததைப் பார்த்துப் பயந்துவிட்டேன். டாக்டர் விரலால் அழுத்தி எடுத்தார். வெளுத்த இடம் மெல்லச் சிவந்தது. ரத்தம் வந்துவிட்டது!

இப்போது ஓரம் லேசாகப் பள்ளமாக இருக்கிறது, கொஞ்சம் கறுத்தும் இருக்கிறது. வெயிலில் போனால் சன்ஸ்கிரீன் தவறுவதில்லை. அதே இடத்தில் கட்டி திரும்பினால் கிராஃப்டில் சீக்கிரம் கண்ணில் படும். தடித்த ஃபிளாப்புக்கு அடியில் மறைந்திருக்கலாம். எனக்கு அது பெரிய நிம்மதி.

ஆனால் என் கட்டி சிறியது, மூக்குத் தண்டின் தோலும் மெல்லியது. நுனியில் தோல் தடித்து எண்ணெய்ப் பசையோடு இருக்கும். அங்கே கிராஃப்ட் ஒட்டுப் போட்டதுபோலத் தெரியும். என் கட்டி அங்கே இருந்திருந்தால் ஃபிளாப்பைத்தான் கேட்டிருப்பேன். குருத்தெலும்பு அதன் மேலுறையும் இல்லாமல் வெறுமையாகத் தெரிந்தால், கிராஃப்ட் பிடிக்க அங்கே ரத்தமே இருக்காது.