நடுச்சாமத்தில் போனைத் தூக்குவது யார்? வீட்டு அலாரத்தோடு பத்து மாதம்

யாழ்ப்பாணத்துக் கொக்குவில் வீட்டில் அம்மாவும் சின்னம்மாவும் மட்டும்தான். நான் வேலைக்காக வவுனியாவில், அண்ணா ரொறன்ரோவில். போன வருடம் நல்லூர்த் தேரன்று பக்கத்து ஒழுங்கையில் ஒரு வீட்டில் எல்லோரும் கோயிலுக்குப் போயிருக்க, கள்ளர் குசினிப் பக்கம் ஓட்டைப் பிரித்து இறங்கிவிட்டார்கள். அன்றிரவே அண்ணா போன் எடுத்து, "காசு நான் தாறன், நல்லதாய் ஒன்று பூட்டு" என்றார்.

முதலில் ரவுனில் ஒரு கடையில் வைஃபை செட் ஒன்று வாங்கினேன். எல்லாவற்றையும் இணைக்கிற பெட்டி, சைரன், கதவு திறந்தால் அறிய இரண்டு காந்தம், ஆள் நடமாடினால் அறிய ஒரு சென்சர், இரண்டு ரிமோட். மூன்று மாதம்கூட வைத்திருக்கவில்லை. கறண்ட் போனதும் ரவுட்டர் படுத்துவிடும். பெட்டிக்குள் பற்றரி இருந்தும் செய்தி வெளியே போக வழியில்லை. 2022 பங்குனியில் ஒரே நாளில் 13 மணி நேரம் கறண்ட் வெட்டிய நாட்டில் வைஃபையை மட்டும் நம்பி அலாரம் பூட்டியது என் மடைத்தனம்தான். போன் வலையமைப்பாலும் செய்தி போக, பெட்டியில் சிம் போடும் வசதி கட்டாயம் வேண்டும். இன்னொன்று, மலிவான ரிமோட்டுகள் பல ஒவ்வொரு முறையும் ஒரே குறியீட்டைத்தான் அனுப்பும். அதைக் காற்றில் பிடித்துத் திருப்பி அனுப்பத் தெரிந்தவனுக்கு அலாரத்தை அணைப்பது பெரிய வேலை இல்லை.

அப்புறம்தான் மாதக் கட்டணத்துக்குக் கண்காணிக்கும் கம்பனி ஒன்றைப் பிடித்தேன், நிலையம் கொழும்பில். அலாரம் அடித்தால் அவர்களுக்குத் தெரியும், முதலில் வீட்டுக்கு எடுத்து இரகசியச் சொல் கேட்பார்கள், பிறகு நாம் கொடுத்த பட்டியலில் உள்ளவர்களுக்கு, கடைசியில் பொலிஸின் 119. பூட்ட வந்த பொடியன்கள் நல்ல வேலைக்காரர், அரை நாளில் வயரை ஒதுக்குப்புறமாக இழுத்து முடித்தார்கள். சென்சர் வைக்கும் இடத்தில்தான் கொஞ்சம் வாக்குவாதம். அவர்கள் மேற்கு யன்னலைப் பார்க்கிற மாதிரி வைக்கப் பார்த்தார்கள், பின்னேர வெயில் நேரே படும் என்று நான் விடவில்லை. இது கமரா இல்லை, அசைகிற சூட்டைத்தான் பார்க்கிறது. நேரே தன்னை நோக்கி வருபவனைவிடக் குறுக்கே கடப்பவனைத்தான் நன்றாகப் பிடிக்கும், ஆகவே ஹோலின் மூலை நல்லது. சித்திரை வெயிலில் சுவரும் மனித உடம்பும் ஏறக்குறைய ஒரே சூட்டில் நிற்கும்போது அதன் கண் மங்கும்; வெப்பநிலைக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்யும் மாடலா என்று கேட்டு வாங்குங்கள். கதவுக் காந்தம் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால், ஓட்டால் இறங்குகிறவன் கதவைத் தொடவே மாட்டான் என்று சொல்லுங்கள்.

சரி, சாமான் நல்லது. சேவை? ஆனி மாதம் ஒருநாள் இரவு இரண்டு மணிக்குச் சைரன் அலறியது. உடனே நிலையத்தில் இருந்து போன், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எடுத்தவர் முதலில் சிங்களத்திலும் பிறகு இங்கிலீசிலும் இரகசியச் சொல் கேட்க, சின்னம்மா நடுக்கத்தில் "ஐயோ தம்பி, இஞ்ச ஆரோ நிக்கிறாங்கள் போல" என்று தமிழில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். விலாசம் என்று அவர்களிடம் இருந்தது வீதிப் பெயர் மட்டும். எங்கள் ஒழுங்கைக்கு வைரவர் கோயிலடி என்றுதான் பெயர், தபால்காரருக்கே அது போதும், கொழும்பில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? அவர் எனக்கு எடுத்து, நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு விசயத்தை விளங்குவதற்குள், பக்கத்து வளவு மாமா ரோச் லைற்றும் அலவாங்குமாக எங்கள் விறாந்தையில் நின்றார். பார்த்தால், சென்சரின் முகத்தில் ஒரு பல்லி. லென்ஸின் மேலேயே ஊர்ந்தால் சென்சருக்கு அதுவும் ஒரு ஆள்தான். நாய்க்கு அடிக்காத மாடல் என்று சொல்லித்தான் விற்றார்கள், எங்கள் ஜிம்மிக்கு அது ஒருநாளும் அடித்ததில்லை, உண்மைதான்.

அந்த வார இறுதியில் பட்டியலை மாற்றினேன். முதலில் மாமா, அவரிடம் ஒரு திறப்பும் கொடுத்தாயிற்று. அடுத்தது அண்ணா. இங்கே இரவு இரண்டு மணி என்றால் கோடையில் ரொறன்ரோவில் பின்னேரம் நாலரை, ஆள் முழித்திருப்பார், இங்கிலீசிலும் பேசுவார். மூன்றாவது நான். விலாசத்தோடு கோயிலடியையும் வரைபடப் புள்ளியையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை காலை வேண்டுமென்றே சிம்மைக் கழற்றி, வைஃபையையும் நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். ஞாயிறு பதினொரு மணிக்குத்தான் "உங்கள் பெட்டி பேசவில்லை" என்று எடுத்தார்கள். ஒரு நாளைக்கு ஒருமுறை மட்டும் 'நான் இருக்கிறேன்' என்று செய்தி அனுப்பும்படி வைத்திருக்கிறார்கள்! கள்ளன் பெட்டியை உடைத்துவிட்டு ஆறுதலாகச் சாப்பிட்டுப் போகலாம். சண்டை பிடித்த பிறகு மணித்தியாலத்துக்கு ஒருமுறையாக மாற்றினார்கள், காசு வாங்கவில்லை. கையெழுத்து வைக்க முன் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். இரண்டாவது, விலகினால் பெட்டியின் இன்ஸ்டோலர் கோட், அதாவது அதன் அமைப்பை மாற்றத் தேவையான இரகசிய இலக்கத்தைத் தருவார்களா என்பது. தராவிட்டால் நாம் காசு கொடுத்து வாங்கிய பெட்டியை வேறு ஆள் தொட முடியாது. கேட்டேன், எனக்கு இன்னும் மழுப்பல்தான்.

அம்மாவுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று, கழுத்தில் மாட்டுகிற அவசர பட்டன். கழுத்தில் மாட்டாமல் சாமியறையில் முருகன் படத்தில் தொங்கவிட்டிருக்கிறார், அது வேறு கதை.

மாதம் 3,500 ரூபா இன்னும் கட்டுகிறேன். மாமாவுக்குக் கட்டணம் கறுத்தக்கொழும்பான் காலத்தில் ஒரு பை மாம்பழம். ஒப்பந்தம் மார்கழியில் முடிகிறது. இரவிலும் தமிழ் பேசும் ஆளைப் போட்டால்தான் புதுப்பிப்பேன் என்று எழுதிக் கொடுத்து மூன்று கிழமை, பதில் வரவில்லை.