களியக்காவிளையில் ரோட்டைக் கடக்க: மேம்பாலமா, பைபாஸா, மேடாக்கிய ஜீப்ராவா?

களியக்காவிளை வழியாகப் போகிற தேசிய நெடுஞ்சாலை 66-ஐ (பழைய 47) என்ன செய்யலாம் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். இதில் எது யாரைக் காப்பாற்றும் என்று மட்டும் பார்ப்போம், ஏனென்றால் நெரிசல் குறைவது வேறு, சாவு குறைவது வேறு, இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் நாம் பேசுகிறோம்.

மேம்பாலம் கேட்பவர்கள் கைகாட்டுவது மார்த்தாண்டத்தை. இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான அந்த இரும்புப் பாலத்தால் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிறவருக்கு நேரம் மிச்சம், மறுக்கவில்லை. ஆனால் பஸ்ஸுக்கு நிற்பவரும் கடைக்கு வருபவரும் பள்ளிப் பிள்ளையும் பாலத்துக்குக் கீழேதானே இருக்கிறார்கள்? களியக்காவிளை எல்லை ஊர், தமிழ்நாட்டு பஸ்ஸில் வந்து இறங்கி கேரள பஸ்ஸில் ஏறுகிற ஊர், சந்தை உள்ள ஊர். நேராகப் போகிற வண்டியை மேலே தூக்கிவிட்டால் இவர்களுக்கு ஒன்றும் மாறாது.

பைபாஸ் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. கேரளத்தில் கழக்கூட்டத்திலிருந்து எல்லையோர ஊரான காரோடு வரையான பைபாஸில் வண்டி ஓடுகிறது, நம் பக்கம் காரோட்டிலிருந்து கன்னியாகுமரி வரையான நாலுவழிச் சாலை வேலையோ வருடக்கணக்காக இழுத்தது. கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரி ஊருக்குள் வராமல் போனாலே பாதி பயம் போகும். ஆனால் பகலில் இப்போது வேகத்தைக் கட்டுப்படுத்துவதே நெரிசல்தான். லாரி போய் ரோடு காலியானால் மிச்சமுள்ள காரும் பைக்கும் பறக்கும், ராத்திரி கடை அடைத்த பிறகு அந்த ரோட்டில் நின்று பாருங்கள், புரியும். அதனால் 'பைபாஸ் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்ற பேச்சை நான் ஏற்கவில்லை.

நடைமேம்பாலம் வேண்டாம். நெடுஞ்சாலைக்கு மேலே 5.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும், அப்படியென்றால் 35 படிக்கு மேல். மீன் கூடையோடு வரும் அம்மாவும் முட்டு வலிக்காரரும் அதில் ஏறவே மாட்டார்கள்.

போலீஸ் வைக்கிற பேரிகார்டு அன்றைக்கே வேகத்தைக் குறைக்கும், செலவும் இல்லை, ஆனால் ரிஃப்ளெக்டர் உரிந்துபோனால் இருட்டில் அதுவே பைக்காரருக்கு எமன். கேமராவுக்குக் கேரளத்தைப் பாருங்கள். அங்கே 2023-ல் 726 கேமராக்களை வைத்து அபராதம் போட ஆரம்பித்தார்கள், அதில் பெரும்பாலானவை ஹெல்மெட், சீட் பெல்ட் பார்ப்பவை, வேகத்தைப் பிடிப்பவை நடமாடும் கேமராவையும் சேர்த்து 8 மட்டுமே.

ஆக, ரோட்டைக் கடப்பவருக்கு நேராக உதவுவது வேகத்தடைதான், ஆனால் ஊரில் இஷ்டத்துக்குப் போடுகிற ஒல்லியான மேடு அல்ல. இந்திய சாலை காங்கிரஸ் சொன்ன அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். அதைவிட நல்லது ஜீப்ரா கோட்டையே தட்டையான மேடாக உயர்த்தி, ரோட்டின் நடுவில் நின்றுகொள்ள ஒரு திட்டும் கட்டுவது, அப்போது ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டியை மட்டும் பார்த்தால் போதும். மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் கார் ஒரு நொடியில் 14 மீட்டர் கடக்கும், 30-ல் 8 மீட்டர்தான். கார் 50-க்குப் பதில் 65-ல் வந்து இடித்தால் நடந்து போகிறவர் சாகிற வாய்ப்பு நாலரை மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இதற்கு ஒரு தடை உண்டு. தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடை கூடாது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2016-ல் சொல்லிவிட்டது, நடுக்காட்டு ரோட்டுக்கு அது நியாயம், சந்தை வாசலுக்கு இல்லை. பைபாஸ் வந்த பிறகு பழைய ரோடு பொதுவாக மாநிலத்தின் கைக்கு வரும், அப்போது மேடு போட வழி திறக்கும். அதுவரை நடுத்திட்டையும், ஜீப்ராவுக்கு மேலே நல்ல விளக்கையும், பஸ் நிறுத்தத்தை ஜீப்ரா தாண்டித் தள்ளி வைப்பதையும் கேட்போம், நிற்கிற பஸ்ஸுக்கு முன்னால் புகுந்து கடப்பவரை ஓவர்டேக் செய்து வரும் டிரைவரால் பார்க்கவே முடியாது. இந்த மூன்றுக்கும் அந்த உத்தரவு தடையே இல்லை.