சென்னையில் நர்ஸ் வேலை: கார்ப்பரேட்டா, நர்சிங் ஹோமா, அரசு எம்.ஆர்.பி.யா?

படிப்பை முடித்துவிட்டுச் சென்னைக்குப் பஸ் ஏறும் ஜூனியர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது, எங்கே சேரலாம் அக்கா என்பதைத்தான். நான் வடபழனிப் பக்கம் முப்பது படுக்கை நர்சிங் ஹோம் ஒன்றில் ஒன்றரை வருஷம், அப்புறம் ஒரு கார்ப்பரேட் மருத்துவமனை ஐ.சி.யூ.வில் நான்கு வருஷம் பார்த்தவள். ஐ.சி.யூ. கிடைத்தால் கார்ப்பரேட்டுக்குப் போ என்பதுதான் என் பதில்.

சம்பளத்தை வைத்து முடிவெடுக்க முடியாது. புதிதாகச் சேர்கிறவருக்கு நர்சிங் ஹோமைவிடக் கார்ப்பரேட்டில் கொஞ்சம் கூடத் தருவார்கள், அதை ஹாஸ்டல், மெஸ் என்று திரும்ப வாங்கியும் கொள்வார்கள். உச்ச நீதிமன்றம் சொல்லி 2016-ல் அமைந்த மத்தியக் குழு, 50 படுக்கைக்குக் குறைவான இடத்தில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்குச் சமமாகத் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதானே! நைட் டியூட்டியும் கால் வலியும் எங்கே போனாலும் உண்டு.

நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: வெளியே வரும்போது கையில் கொடுக்கும் அனுபவச் சான்றிதழில் என்ன எழுதியிருக்கும்? வண்டி வாங்கும்போதே பின்னால் என்ன விலைக்குப் போகும் என்று பார்க்கிறோமே, அது மாதிரி.

நர்சிங் ஹோமில் நான் செய்யாத வேலை இல்லை. காலையில் ஓ.பி., மதியம் டிரெஸ்ஸிங், ராத்திரி பிரசவ வார்டு, ஆள் இல்லாத நாளில் ஆபரேஷன் தியேட்டருக்கும் ஓடுவேன். ஒன்றரை வருஷம் கழித்துக் கிடைத்தது லெட்டர்பேடில் நான்கு வரி. "ஸ்டாஃப் நர்ஸாகப் பணியாற்றினார், நன்னடத்தை உடையவர்." அதை எடுத்துக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போனேன். நர்சிங் சூப்பரின்டென்டென்ட் முதலில் கேட்டது, "எத்தனை பெட்மா?" முப்பது என்றேன். "வென்டிலேட்டர் பேஷன்ட் பார்த்திருக்கீங்களா?" இல்லை. அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, புதிதாகப் படித்து வந்தவளிடம் பேசுகிற மாதிரி சம்பளம் பேசினார். தப்பு சொல்ல முடியாது. நான் செய்ததற்குத் தாளில் சாட்சி இல்லை.

பின்னால் சேர்ந்த கார்ப்பரேட் ஐ.சி.யூ.வில் அது தலைகீழ், செய்கிற வேலைக்குத் தாளில் சாட்சி இருக்கும். பி.பி. இறங்காமல் தாங்கிப் பிடிக்கும் நோர்அட்ரினலின் மருந்து ஓடிக்கொண்டிருந்தால், சிரிஞ்ச் தீர்வதற்கு முன்பே அடுத்ததை ஏற்றித் தயாராக வைத்திருக்க வேண்டும். மாற்றுகிற அந்த இடைவெளியில் பி.பி. சரசரவென்று இறங்கிவிடும். இதை எனக்குப் பழக்கியது ஒரு சீனியர் சேச்சி. ஏ.பி.ஜி. என்கிற ரத்த வாயுப் பரிசோதனை பார்ப்பது, தமனியில் போடும் ஆர்ட்டீரியல் லைன், மணிக்கு மணி சார்ட் எழுதுவது எல்லாம் ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிட்டது. வங்காளத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்த நோயாளிகள் ஏராளம் என்பதால் "கொதாய் பேத்தா?" என்று வலி எங்கே எனக் கேட்கவும் பழகிக்கொண்டேன். வளைகுடாவுக்கு ஆள் எடுப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வருஷ அனுபவத்தோடு, எந்த வார்டு, எத்தனை படுக்கை என்றும் துருவித் துருவிக் கேட்கிறார்கள். இங்கேயே வேறு மருத்துவமனைக்கு மாறினாலும் அதே கேள்விதான்.

கார்ப்பரேட்டில் குறை இல்லாமல் இல்லை. ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டரில் இருக்கும் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது விதிமுறை. நைட்டில் இரண்டு பேரை, சில நாள் மூன்று பேரைப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை, இத்தனை காலம் விலக மாட்டேன் என்று எழுதி வாங்கும் பாண்ட். ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்தால்தான் சேர்ப்போம் என்கிற இடத்துக்கு, ஐ.சி.யூ. என்றாலும் போகாதீர்கள். நல்ல சான்றிதழுக்காகச் சேர்ந்துவிட்டு, இருக்கிற சான்றிதழை அவர்கள் பீரோவில் பூட்டி வைப்பதில் என்ன லாபம்?

எம்.ஆர்.பி., அதாவது அரசு மருத்துவமனைகளுக்குத் தேர்வு வைத்து ஆள் எடுக்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் பற்றி நான் சொல்வது ரூம்மேட் வழியாகக் கேட்டது. நான் உள்ளே வேலை பார்த்ததில்லை. தேர்வில் ஜெயித்தாலும் முதலில் தொகுப்பூதியம்தான், படிகள் சேராத ஒரே தொகை. 2015-ல் எடுக்கப்பட்டவர்கள் 7,700 ரூபாயில் தொடங்கினார்கள். பிறகு 14,000, அப்புறம் 18,000 என்று ஏறியது. இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற பேச்சை நம்பிச் சேர்ந்தவர்கள், 2017 நவம்பரில் தேனாம்பேட்டையில் சுகாதாரத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராட வேண்டி வந்தது. காலியிடம் வந்தால்தான் நிரந்தரம். போஸ்டிங்கும் சென்னையில் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள், ஏதோ ஒரு மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையமாகவும் இருக்கலாம். ஆனால் ஒருமுறை நிரந்தரமாகிவிட்டால் தனியார் எதுவும் பக்கத்தில் நிற்க முடியாது. அதனால் தேர்வை எழுதுங்கள், ரிசல்ட் வரும்வரை ஹாஸ்டலில் சும்மா உட்காராமல் வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுங்கள். ரூம்மேட் அப்படித்தான் நைட் டியூட்டி முடித்து வந்து, மதியம் எழுந்து படித்தாள்.

நர்சிங் ஹோமே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். என்னோடு அங்கே இருந்த ஒரு அக்காவுக்குக் கைக்குழந்தை, வீடு இரண்டு தெரு தள்ளி. பால் கொடுக்க நடுவில் போய் வர டாக்டரம்மா விட்டார்கள். கார்ப்பரேட்டில் பஞ்ச் வைத்து உள்ளே போனால் ஷிஃப்ட் முடியும்வரை வெளியே வர முடியாது. அந்த அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறார், பையன் யூ.கே.ஜி. போகிறான்.