ரீப்பரா, ஜோலோகியாவா, ஸ்கார்பியனா: காரத்தில் எது மிஞ்சும்?

கடுங்கார மிளகாய் என்றதும் எல்லோரும் காரத்தை அளக்கும் ஸ்கோவில் எண்ணைத்தான் தேடுகிறார்கள். 1912இல் வில்பர் ஸ்கோவில் வகுத்த பழைய முறையில், காரம் நாக்கில் தெரியாமல் போகும்வரை மிளகாய்ச் சாற்றில் சர்க்கரைத் தண்ணீரைக் கலந்துகொண்டே போவார்கள். இன்று கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் குரோமட்டோகிராபி கருவி, காரம் தரும் பொருளான கேப்சைசினின் அளவை நேரடியாகச் சொல்லிவிடுகிறது. ஆனால் அது அளப்பது உலர்த்திப் பொடித்த மிளகாயை. பச்சைப் பழத்தில், அதாவது உலர்த்தாத பழத்தில், பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். அதனால் அதே எடைப் பொடியோடு ஒப்பிட்டால் பழத்தில் இருப்பது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு காரம். பழத்தைப் பழத்தோடும் பொடியைப் பொடியோடும் ஒப்பிட்டால்தான் கணக்கு சரியாக வரும்.

எண்களைப் பார்ப்போம். ஹாபனேரோ மிளகாய் 1 லட்சம் முதல் 3.5 லட்சம் ஸ்கோவில் அலகு வரை. அசாம், நாகாலாந்து, மணிப்பூர் பக்கத்துப் பூத் ஜோலோகியா 2007இல் 10,01,304 அலகுகளோடு கின்னஸில் ஏறியது. டிரினிடாட் மொருகா ஸ்கார்பியனின் சராசரி 12 லட்சத்துக்கு மேல். தனிச் செடிகளின் பழங்கள் 20 லட்சத்தையும் தொட்டதாக 2012இல் நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகம் கண்டது. கரோலினா ரீப்பர் 2013இல் 15,69,300, பிறகு 16,41,183. அதை வளர்த்த எட் கரீயின் பெப்பர் எக்ஸ் 2023இல் 26,93,000 என்று எல்லாவற்றையும் தாண்டியது. அதன் விதையை அவர் வெளியே விடவில்லை. எனவே யாராவது பெப்பர் எக்ஸ் விதை விற்றால் சந்தேகப்படுங்கள்.

ஒரே செடியில் காய்க்கும் இரண்டு பழங்களே காரத்தில் வெகுவாக மாறுபடும். ஆகவே ரீப்பருக்கும் ஸ்கார்பியனுக்கும் இடையிலான சில லட்ச வித்தியாசம் நாக்குக்குத் தெரியாமலே போகலாம். ஹாபனேரோவிலிருந்து ஜோலோகியாவுக்குத் தாவுவதுதான் பெரிய தாவல்.

இன்னொரு வித்தியாசம் பழத்துக்குள்ளேயே இருக்கிறது. சாதாரண மிளகாயில் காரம் உருவாவது விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வில். அதைச் சுரண்டி எடுத்தால் காரம் நன்றாகக் குறையும். ஸ்கார்பியன், ரீப்பர் போன்றவற்றில் உட்சுவரிலும் காரப்பைகள் உண்டு. சவ்வை எடுத்துவிட்டோம் என்று நம்பி முழுப் பழத்தையும் போட்டால் சாஸ் கெட்டது.

சாஸுக்குக் கணக்கு எளிது. 1 கிலோ சாஸில் 1 கிராம் ரீப்பர் பொடி போட்டால் சுமார் 1,600 அலகு வரும், ஜோலோகியா பொடி என்றால் 1,000. மிதமான கார மிளகாயான ஹாலபினோவின் பொடி அளவு காரம் (2,500 முதல் 8,000) வேண்டுமானால் ரீப்பர் 2 கிராமில் தொடங்குங்கள். பச்சைப் பழம் என்றால் எடையைப் பத்து மடங்காக்குங்கள்.

மணத்துக்காகப் போடுவதாக இருந்தால் என் ஓட்டு ஹாபனேரோவுக்கு. தாராளமாகப் போடலாம், பழவாசனையும் சாஸில் தங்கும். ரீப்பரைக் கிராம் கணக்கில் போடும்போது அதன் வாசனைக்கு வேலையே இல்லை.

எதைத் தேர்ந்தாலும் நைட்ரில் (செயற்கை ரப்பர்) கையுறை போடுங்கள். உலர்த்துவதும் அரைப்பதும் காற்றோட்டமான இடத்தில் நடக்கட்டும். கேப்சைசின் தண்ணீரில் கரையாது. கையில் பட்டால் முதலில் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள். வாய் எரிந்தால் பால் குடியுங்கள், அதிலுள்ள கேசீன் புரதம் கேப்சைசினைப் பிடித்துக்கொள்ளும்.