முப்பது தாள்கள், ஒரே அர்ரே: ரப்பர் கடைக் கணக்கில் கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்ட்

குலசேகரத்தில் எங்கள் குடும்பம் நடத்தும் ரப்பர் கொள்முதல் கடைக்கு அருமனை, திருவட்டாறு, கடையால், பேச்சிப்பாறை என்று பல ஊர்களிலிருந்து ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் (மரத்திலேயே உறைந்த பால்) வருகின்றன. ஊருக்கு ஒரு தாளாகக் கூகுள் ஷீட்ஸில் எழுதி வந்ததில் இப்போது முப்பது தாள்கள் சேர்ந்துவிட்டன. மாதக் கடைசியில் அவை அனைத்தையும் ஒரே பட்டியலாக்கும் வேலையை, ஷீட்ஸுக்கு உள்ளிருந்தே நிரல் எழுதி ஓட்ட உதவும் ஆப்ஸ் ஸ்கிரிப்டிடம் விட்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பழக்கத்தில் கண்டதையே இங்கே எழுதுகிறேன்.

இதற்குக் கட்டணம் இல்லை, கணினியில் எதையும் நிறுவவும் வேண்டாம். ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு தெரிந்தால் போதும்.

வேகம் நாம் எழுதும் முறையைப் பொறுத்தது. நான் முதலில் எழுதிய நிரல் ஒவ்வொரு கட்டமாகப் போய் மதிப்பைக் கேட்டதால், ஓர் ஓட்டத்துக்கு உரிய 6 நிமிட வரம்பைத் தாண்டிப் பாதியில் நின்றது. பிழை முழுக்க என்னுடையது. நிரலுக்குள் நடக்கும் கணக்குக்கு அதிக நேரம் ஆவதில்லை, தாளிடம் போய்க் கேட்டுத் திரும்புவதற்கே நேரம் செலவாகிறது. கெட்வேல்யூஸ் என்னும் கட்டளை ஒரு தாளின் தரவு முழுவதையும் ஒரே அழைப்பில் வரியும் நெடுவரிசையும் கொண்ட மதிப்புத் தொகுப்பாக, அதாவது இருபரிமாண அர்ரேயாகத் தந்துவிடுவதால், முப்பது தாள்களுக்கு முப்பது அழைப்புகளே போதும். வந்த வரிகளைச் சேர்க்கும்போது, அர்ரேக்களை இணைக்கும் கான்கேட் கட்டளை ஒவ்வொரு முறையும் அதுவரை சேர்ந்ததை நகலெடுத்துப் புதிய அர்ரே உண்டாக்கும் என்பதால், ஏற்கெனவே உள்ள அர்ரேயின் கடைசியிலேயே புஷ் கட்டளையால் சேர்ப்பது நல்லது. எல்லாம் சேர்ந்தபின், தாளில் எழுதும் கட்டளையான செட்வேல்யூஸால் ஒரே முறையில் எழுதிவிட வேண்டும்.

அதற்கும் மேல் வேகம் வேண்டுவோர், நிரல்கள் ஷீட்ஸோடு நேரடியாகப் பேசும் வழியான ஷீட்ஸ் ஏபிஐ சேவையை எடிட்டரில் சேர்த்துக்கொண்டு, பல இடங்களின் தரவை ஒன்றாகக் கேட்கும் பேட்ச்கெட் கட்டளையைப் பயன்படுத்தலாம்; முப்பது தாள்களும் ஒரே அழைப்பில் வந்து சேரும். எனக்கு மிகவும் பிடித்த வசதி இதுதான், மிகுந்த கவனம் கேட்பதும் இதுதான். வரியின் கடைசியில் உள்ள வெற்றுக் கட்டங்களை இது அனுப்பாது. எங்கள் தாள்களில் கடைசி நெடுவரிசை ‘குறிப்பு’. அது நிரப்பப்படாத வரிகள் ஒரு கட்டம் குறைந்து வரும், செட்வேல்யூஸோ எல்லா வரிகளும் ஒரே நீளத்தில் இருந்தால்தான் ஏற்றுக்கொள்ளும். ஆகவே குறைந்த இடத்தை வெற்றுச் சரத்தால் (எழுத்தே இல்லாத மதிப்பால்) நிரப்பிக்கொள்கிறேன். ஆனி, ஆடி மழையில் பால்வெட்டு நின்று ஓர் ஊரிலிருந்து சரக்கே வராத மாதத்தில், அந்த ஊருக்குரிய விடையில் ‘வேல்யூஸ்’ என்ற பகுதியே இருக்காது. அதைச் சோதித்துப் பார்க்காமல் நிரலை ஓடவிடக் கூடாது.

எண்களையும் கவனிக்க வேண்டும். நாம் எதுவும் குறிப்பிடாவிட்டால் பேட்ச்கெட் திரையில் தெரியும் வடிவத்தையே தருவதால், 12,450 என்ற தொகை காற்புள்ளியோடு எழுத்தாக வந்து, கூட்டும்போது அடுத்த எண்ணோடு ஒட்டிக்கொள்ளும். வடிவமில்லா மதிப்பைக் கேட்டு வாங்கினால் எண் எண்ணாகவே வரும், ஆனால் தேதியும் எண்ணாகிவிடும்: 2025 ஜனவரி 1 என்பது 45658 ஆகக் கிடைக்கும். தேதியை மட்டும் எழுத்தாகக் கேட்க இன்னொரு விருப்பம் உண்டு, இரண்டையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.

பத்துத் தாள்களுக்கு உட்பட்ட கணக்கு என்றால் கெட்வேல்யூஸே தாராளம். அது எண்ணை எண்ணாகவும் தேதியைத் தேதியாகவும் தருகிறது. நிரலே வேண்டாம் என்பவர்களுக்கு, பட்டியல்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும் வீஸ்டாக் சூத்திரம் இருக்கிறது, ஆனால் புதிய ஊர் சேரும் ஒவ்வொரு முறையும் அந்தத் தாளின் பெயரைச் சூத்திரத்தில் கையால் எழுத வேண்டியிருக்கும்.