கரணம் எதற்காக: தஞ்சாவூரில் ஒரு கபோய்ரா வகுப்பு

தஞ்சாவூரில் வார இறுதிகளில் நடைபெறும் கபோய்ரா வகுப்பில் என் மகளைச் சேர்த்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. மூன்றாம் வாரத்திலிருந்து நானும் பழகி வருகிறேன். சிறுவயதில் சிலம்பம் கற்றவன் என்பதால், பிரேசிலின் இந்தச் சண்டைக் கலையில் ஆட்டக்காரர்கள் ஏன் அடிக்கடி தலைகீழாகச் சுழல்கிறார்கள் என்ற கேள்வி எனக்கு முதல் நாளே எழுந்தது. அதற்கு உடலாலேயே விடை சொல்லித் தருகிறார் ஆசிரியர்.

முதல் மாதத்தில் கரணமே கிடையாது. கால்களை மாற்றி மாற்றிப் பின்வைத்து ஊசலாடும் ஜிங்கா என்ற அடிப்படை அசைவும், உதை வரும்போது தாழ்ந்து விலகுவதும் மட்டுமே பயிற்சி. அதன் பிறகே பக்கவாட்டில் கை ஊன்றிச் சுழலும் கரணம் வந்தது. ஜிம்னாஸ்டிக்ஸில் இதைக் கைகால்கள் விறைப்பாக நீண்டிருக்கச் செய்வார்கள். இங்கோ முழங்கால்களை மடக்கி வயிற்றைக் காத்துக்கொண்டு, பார்வையை எதிராளியிடமிருந்து எடுக்காமல் சுழல வேண்டும். ஒரு மாணவர் உடலை விரித்துச் சுழன்றபோது, ஆசிரியர் ஓரடி முன்வந்து தம் தலையை அவருடைய வயிற்றருகே நிறுத்திக் காட்டினார். தலையால் முட்டுவது கபோய்ராவின் பழைய தாக்குதல்களில் ஒன்று என்பதை அதற்குப் பிறகு எங்களில் யாரும் மறக்கவில்லை.

கைகளில் தலைகீழாக நிற்பதற்குப் போர்த்துக்கீசிய மொழியில் வாழைமரம் என்று பெயர். ஒரு காற்றுக்கே தோப்பு முழுவதும் சாய்வதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தப் பெயரின் பொருத்தம் விளங்கும். அப்படி நிற்பவர் எதிராளிக்குத் தூண்டில் போடுகிறார்: எளிதில் சாய்த்துவிடலாம் என்று நெருங்கி வருபவர் மீது, மேலிருக்கும் கால் உதையாக இறங்கும். தப்பிப்பது, திசை மாற்றுவது, ஏமாற்றி வரவழைப்பது ஆகிய மூன்றில் ஒன்றும் இல்லாத கரணத்தை ஆசிரியர் திருத்தாமல் விடுவதில்லை. அழகுக்காக மட்டும் சுழல்வதற்கும் கபோய்ராவில் இடம் உண்டு. ஆனால் அதை எப்போது செய்தால் ஆபத்தில்லை என்று அறிந்தவரே செய்யலாம் என்கிறார்.

1932-இல் பிரேசிலின் சால்வடார் நகரில் பயிற்சிக்கூடம் தொடங்கிய கபோய்ரா ஆசான் மெஸ்ட்ரே பிம்பா, தூக்கி எறியப்படுபவர் காற்றில் திரும்பிக் காலூன்றி இறங்கும் தொடர்பயிற்சி ஒன்றை வகுத்தார். அதன் எளிய பகுதிகள் இங்கே கற்பிக்கப்படுகின்றன. விழாமல் இறங்கத் தெரிவதும் தற்காப்பே என்பதை இதில் உணர்ந்தேன். ஆனால் சிமெண்டுத் தரையில் மெல்லிய விரிப்பைப் போட்டு இதைப் பழக்குவது தவறு. என் மகளின் கணுக்கால் இருமுறை பிசகியது.

இன்னொரு குறை இசை. சுரைக்குடுக்கை கட்டிய ஒற்றைக் கம்பி வில்லான பெரிம்பாவ்தான் ஆட்டத்தின் வேகத்தை ஆள்கிறது. அது மெதுவாக ஒலித்தால் ஆட்டம் தாழ்ந்து தரையோடு நகரும், விரைந்தால் உதைகளும் கரணங்களும் உயரும். நட்டுவனார் ஆடுபவரின் காலைப் பார்த்தே தாளம் தட்டுவது போல, வாசிப்பவர், சுற்றி நிற்பவர்களின் வட்டத்துக்குள் ஆடும் இருவரையும் கவனித்து வாசிக்க வேண்டும். இந்த வகுப்பில் பெரும்பாலும் ஸ்பீக்கரில் பதிவு ஓடுகிறது. சோர்ந்துபோன ஆட்டக்காரர்கள் அதற்குத் தெரிவதில்லை.

மாதம் 1,200 ரூபாய் கட்டணம், வாரம் இரு நாள், ஒன்றரை மணி நேரம். நாற்பதைக் கடந்த என் மணிக்கட்டைக் கருதி, ஒரு கையைப் பின்னால் ஊன்றிப் புரளும் குரங்குக் கரணத்திற்குப் பதிலாகத் தரையோடு உருளும் நகர்வைப் பழக்கினார் ஆசிரியர். அந்தப் பரிவுக்கு நன்றி சொல்ல வேண்டும். இரண்டே வாரத்தில் வீடியோவுக்குப் பல்டி அடிக்க நினைப்பவர்களுக்கு இந்த வகுப்பு ஏற்றதன்று.

விரிப்பைப் பற்றி முறையிட்ட பின், மே மாதத்தில் எங்களைத் திருவையாற்றுக்கு அருகே வறண்டு கிடந்த காவிரி மணலுக்கு அழைத்துச் சென்றார். கால் புதைந்து ஜிங்கா தடுமாறினாலும், பின்கரணத்தில் அஞ்சாமல் விழ முடிந்தது. மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வருவதற்குள் தடித்த விரிப்பு வாங்கிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.